நெசவு ஒன்று, இணையதளம் இரண்டு

காஞ்சிபுரம் நகராட்சி 2021-இல் மாநகராட்சியானது. அதன் எல்லைக்கு அப்பால், அய்யம்பேட்டை போன்ற ஊர்களிலும் நெசவுத் தறிகள் உண்டு. ஆனால், மாநகரவாசி சொத்து வரி செலுத்த ஓர் இணையதளம். ஊராட்சிவாசி வீட்டு வரி செலுத்த வேறொன்று. நகர்ப்புற, ஊரக உள்ளாட்சிகளுக்குச் சட்டங்களும் துறைகளும் வெவ்வேறாக இருப்பதே காரணம்.

கேரளம் இந்தச் சுவரைத் தாண்டியிருக்கிறது. அங்கே 2024 ஜனவரியில் நகரங்களில் தொடங்கிய ‘கே-ஸ்மார்ட்’ தளம், 2025 ஏப்ரலில் ஊராட்சிகளுக்கும் விரிந்தது.

பொதுத்தளம் இருந்தால் சிற்றூரிலும் மாநகருக்கு நிகரான சேவை கிடைக்கும். ஊராட்சி நாளை மாநகராட்சியுடன் இணைந்தாலும், பழைய வரிக் கணக்குகளைப் புதிதாகப் பதிவேற்ற வேண்டியதில்லை. இம்முயற்சியைக் காஞ்சிபுரத்தில் தொடங்கலாம் என்பது என் கருத்து. எல்லை அலுவலகங்களுக்கு இருக்கட்டும். அதனால் வரும் அலைச்சல் மக்களுக்கு வேண்டாம்.