பழைய ஸ்பீக்கரும் புது ஸ்பீக்கரும் ஏன் சேர மாட்டேன் என்கின்றன?

கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சியில் வாங்கினாலும் சரி, குமுளிக்காரர் கம்பத்துக்கு இறங்கிப் போய் வாங்கினாலும் சரி, சிக்கல் ஒன்றுதான். வீட்டில் ஏற்கெனவே ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. அதே கம்பெனியில் இன்னொன்று வாங்கிப் போட்டால் வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவார்கள். வீட்டுக்கு வந்து பொத்தானை அமுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. “ரெண்டும் ஒரே கம்பெனி தானுங்களே?” என்று கடைக்கு போன் போகும். கடைக்காரருக்கும் பதில் தெரியாது.

நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஜேபிஎல் ஃபிளிப் வரிசையையே எடுத்துக்கொள்வோம். ஃபிளிப் 3-ல் பல ஸ்பீக்கர்களைச் சேர்க்கும் வசதிக்குப் பெயர் ‘கனெக்ட்’. ஃபிளிப் 4-ல் அது ‘கனெக்ட் பிளஸ்’ ஆயிற்று. 2019-ல் வந்த ஃபிளிப் 5-லும் அடுத்து வந்த ஃபிளிப் 6-லும் ‘பார்ட்டிபூஸ்ட்’. 2025-ல் வந்த ஃபிளிப் 7-ல் ‘ஆராகாஸ்ட்’. பார்ட்டிபூஸ்ட் பெட்டி ஆராகாஸ்ட் பெட்டியோடு சேராது. கனெக்ட் பிளஸோடும் சேராது. ஆனால் இந்த நாலு வகையில் எதை எடுத்தாலும் உங்கள் போனோடு தனியாக ஒழுங்காகப் பாடும். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டு போகும் வழிக்கு ஒரு பொது விதி உண்டு. ஏ2டிபி என்று பெயர், 2003-ல் வந்தது. எஸ்பிசி என்ற ஒலிச் சுருக்க முறை எல்லாக் கருவிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்துகிறது. வேறு உயர்ந்த முறைகள் தெரிந்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எஸ்பிசி போதும். நேற்று வாங்கிய போன் பத்து வருடப் பழைய பெட்டியில் பாடுவது இந்த ஒரு கட்டாயத்தால்தான். ஆனால் அந்த விதி ஒரு போனுக்கும் ஒரு ஸ்பீக்கருக்கும் எழுதப்பட்டது. இரண்டு ஸ்பீக்கர்கள் தங்களுக்குள் எப்படிச் சேர்ந்து பாட வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது.

சேர்ந்து பாடுவது லேசான காரியமும் இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினால், அது 34 மீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம். பாட்டு இரட்டையாக எதிரொலிக்கும். அதனால் இரண்டு பெட்டிகளும் ஒரே கடிகாரத்தைப் பிடித்து நடக்க வேண்டும்.

ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாட விதி இல்லாத இந்தக் குறையை நிரப்பப் பொது விதி வகுக்கப்பட்டது பின்னால்தான். 2020 ஜனவரியில் வெளியான புளூடூத் 5.2, எல்இ ஆடியோ என்ற புது ஒலி முறைக்கு வழி திறந்தது. அதன் மேல் எழுந்ததுதான் ஆராகாஸ்ட். ஒரு கருவி வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பும். பக்கத்தில் உள்ளவை எத்தனை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அடித்தளமே வேறு. பழைய புளூடூத் தன் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரிக்கிறது; எல்இ 40 தடங்களாகப் பிரிக்கிறது. எந்த நொடித் துணுக்கில் எந்தத் துண்டு ஒலி வர வேண்டும் என்ற கணக்கு சிப்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பழைய சிப்பில் அது இல்லாதபோது அப்டேட் போட்டு வரவழைக்க முடியாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்தைய மாடலோடு சேராது என்பதை அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவதற்கு எந்த சிப்பும் தடையில்லை.

பழையதைக் கைவிடாமல் புதியதைக் கொண்டுவர முடியாதா? முடியும் என்பதற்கு எஃப்எம் சாட்சி. 1961-ல் அமெரிக்காவில் ஸ்டீரியோ ஒலிபரப்பு வந்தபோது வீடுகளில் இருந்தவை ஒற்றை ஒலி ரேடியோக்கள். இடது ஒலியை ஓரிடத்திலும் வலது ஒலியை வேறிடத்திலும் அனுப்பியிருந்தால் அவற்றில் பாதிப் பாட்டுதான் கேட்டிருக்கும். பொறியாளர்கள் இரண்டையும் கூட்டி வழக்கமான இடத்தில் அனுப்பினார்கள். இடதிலிருந்து வலதைக் கழித்த மிச்சத்தை, காதுக்கு எட்டாத 38 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினார்கள். 19 கிலோஹெர்ட்ஸில் ஓர் அடையாள ஒலி. பழைய ரேடியோ கூட்டலை மட்டும் கேட்டு முழுப் பாட்டையும் பாடும். புது ரேடியோ அடையாள ஒலியைக் கண்டதும் கூட்டலோடு மிச்சத்தைச் சேர்க்கும், இடது கிடைக்கும். கழிக்கும், வலது கிடைக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான்!

இடுக்கி மலைகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலை உயரத்திலிருந்து வருவதால் வெகுதூரம் எட்டும். தேவிகுளத்திலும் ஆகாசவாணி நிலையம் இருக்கிறது. ஆனாலும் ஒரு மலை குறுக்கே நின்றால் அலை மெலிந்துவிடும். அலை மெலிந்தால் முதலில் இரைச்சலில் மூழ்குவது அந்த 38 கிலோஹெர்ட்ஸ் பகுதி. தேயிலைத் தோட்ட லயத்தில் தாத்தாவின் ஒற்றை ஒலி ரேடியோ தெளிவாகப் பாட, பேரனின் ஸ்டீரியோ செட் ‘உஸ்’ என்று இரைவது அதனால்தான். செட்டில் மோனோ பொத்தான் இருந்தால் தட்டிவிடுங்கள்.

வைஃபை ஸ்பீக்கர்களின் கதை வேறு. அங்கே கடிகாரம் தப்புவதில்லை, தாள் காலாவதியாகிறது. 2025 மார்ச்சில், ஸ்பீக்கரில் செருகும் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோவும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கின. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழின் ஆயுள் முடிந்திருந்தது. சில நாளில் கூகுள் சரிசெய்தது. வைஃபை ஸ்பீக்கர் கம்பெனியான சோனோஸ் 2020-ல் பழைய கருவிகளை எஸ்1 என்றும் புதியவற்றை எஸ்2 என்றும் இரண்டு செயலிகளாகப் பிரித்தேவிட்டது.

சேராத புளூடூத் ஸ்பீக்கர்களை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வழி இருக்கிறதா? சில போன்களில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பும் வசதி உண்டு; சாம்சங் 2017-லேயே கேலக்ஸி எஸ்8-ல் கொண்டுவந்தது. வேறு வேறு மாடல் என்றால் கொஞ்சம் முன்பின்னாகப் பாடும், ஒன்று வாசலிலும் மற்றது கொல்லையிலும் இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. இரண்டிலும் ஆக்ஸ் துளை இருந்தால் கவலையே இல்லை: ஒரு பிரிப்பு ஒயர், தாமதம் பூஜ்யம். ஃபிளிப் 4-ல் அந்தத் துளை இருந்தது. ஃபிளிப் 5-ல் எடுத்துவிட்டார்கள்.