மனச்சோர்வு மாத்திரை: நாமாகத் தொடங்கவும் வேண்டாம், நாமாக நிறுத்தவும் வேண்டாம்



குழுக் கூட்டம் முடிந்து, சேமிப்பை எண்ணி வைத்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கியபிறகு, எல்லோரும் கிளம்பும் நேரத்தில்தான் சில கேள்விகள் வருகின்றன. "மேடம், ஒரு நிமிசம் தனியா வாங்களேன்" என்று கூப்பிட்டு, மணிபர்சுக்குள் மடித்து வைத்திருக்கும் மாத்திரை அட்டையைக் காட்டுகிறார்கள். "பெரியாஸ்பத்திரில குடுத்தாங்க. இது பைத்தியத்துக்குப் போடுற மாத்திரைன்னு மதினி சொல்லுது, நெசமா?" என்று ஒருவர் கேட்பார். "பத்து நாளாப் போடுறேன், ஒண்ணும் கேக்கல. நிப்பாட்டிறவா?" என்பார் இன்னொருவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுவதைக் கூட்டத்திலேயே சத்தமாகச் சொல்லும் நாம், இந்த மாத்திரையை மட்டும் ஒளித்து வைக்கிறோம். ஒளித்து வைப்பதால் யாரிடமும் விவரம் கேட்க முடிவதில்லை. தப்பு நடப்பதும் அங்கேதான். அதனால் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல, சமூகப்பணி படித்தவர்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைப் பாதுகாப்பாகக் கடைப்பிடிப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

எல்லா அழுகைக்கும் மாத்திரை தேவையில்லை. கடன் நெருக்கடி, வீட்டில் ஒரு சாவு, குடிக்கிற கணவர் என்று மனம் உடைய ஆயிரம் காரணம் உண்டு. பேசி, அழுது, நாலு பேர் ஆறுதல் சொல்லி அது தேறிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, உடம்பு அடித்துப் போட்டது போல் இருப்பது, "நான் எதுக்கு இருக்கேன்" என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருவது, இவை சேர்ந்து இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது சோம்பேறித்தனம் இல்லை, திமிரும் இல்லை. ரத்தசோகையிலும் தைராய்டு குறைபாட்டிலும் இதே போன்ற அசதி வருவதால், மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினால் "மனசுக்கு எதுக்கு ரத்தம்?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வகை மருந்து முதலில் கண்ணில் பட்ட கதை நமக்கும் பரிச்சயமான ஒரு நோயிலிருந்து வருகிறது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். டி.பி. மருந்து மனதையும் தூக்கிவிட்டதே என்று ஆராயப் போனதில் வந்ததுதான் மனச்சோர்வு மருந்து. அதே பத்தாண்டில் இமிப்ரமின் வந்தது. இன்று அதிகம் எழுதப்படும் வகையைச் சேர்ந்த ஃப்ளூவாக்செட்டின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் ஊர்ச் சீட்டுகளில் ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், அமிட்ரிப்டிலின் ஆகிய பெயர்கள் அடிக்கடி இருக்கும். கம்பெனி வைத்த பெயர் கடைக்குக் கடை மாறும். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

முதல் மூன்று வாரம்

தலைவலி மாத்திரை அரை மணி நேரத்தில் கேட்கும். இது அப்படி இல்லை. மனதில் தெளிவு தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் பக்கவிளைவு முதல் நாளிலேயே வந்துவிடலாம். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, வாய் வறட்சி, தூக்கம் கூடுவது அல்லது குறைவது, படபடப்பு இவற்றில் ஏதாவது இருக்கும். கெட்டது முதலில் வருகிறது, நல்லது பின்னால் வருகிறது. அதனால்தான் பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான தொல்லைகள் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் போய்ச் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். தாம்பத்திய ஆசை குறைவதும் இந்த மருந்துகளில் உண்டு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு காரணம் சொல்கிறார்கள். மருத்துவருக்கு இது புதிதில்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு, மருந்து தொடங்கிய புதிதிலும் அளவு மாற்றும்போதும், தவறான முடிவு எடுக்கும் எண்ணம் கூடலாம். மகளோ மருமகளோ இந்த மாத்திரையைத் தொடங்கியிருந்தால் முதல் சில வாரம் தனியாக விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வழக்கத்துக்கு மாறான பதற்றம், கோபம், தூக்கமே இல்லாத நிலை தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள். திடீரென்று ஒருவர் தூங்காமல் மிதமிஞ்சிய உற்சாகத்தோடு நிறையப் பேசி, கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்தால் "மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்று சந்தோஷப்படாதீர்கள். அது வேறொரு மனநோயின் அடையாளமாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

"நல்லாயிருச்சு" என்கிற நாள்

எங்கள் அனுபவத்தில் அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மேலூர்ப் பக்கம் ஒரு குழு உறுப்பினர் (பெயரும் ஊரும் வேண்டாமே) இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டார். தூக்கம் வந்தது, நடவு வேலைக்கும் போனார். "நல்லாயிருச்சுல்ல, இனி எதுக்கு?" என்று அவராகவே நிறுத்தினார். மூன்றாம் நாள் தலைசுற்றல், வாந்தி உணர்வு, தலைக்குள் "கரண்டு அடிச்ச மாதிரி" வெட்டு வெட்டாக ஓர் உணர்வு. வீட்டார் காத்து கருப்பு என்று பயந்து கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். அந்தத் தொல்லை குறைந்தாலும், ஒன்றரை மாதத்தில் பழைய இருட்டு திரும்பி வந்துவிட்டது. வேலைக்குப் போகவில்லை, கடன் தவணை மூன்று நின்றது, கூட்டத்துக்கும் வரவில்லை. ஊக்குநர் வீடு தேடிப் போன பிறகுதான் விஷயம் தெரிந்து மறுபடியும் மருத்துவரிடம் போனார். இப்போது தேறி வருகிறார்.

அந்தக் "கரண்டு" காத்து கருப்பு இல்லை. மூளை அந்த மருந்துக்குப் பழகியிருக்கும்போது சட்டென்று நிறுத்தினால் வருவது. சில மருந்துகளில் இது அதிகம். உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்செட்டினில் குறைவு. நிறுத்தவே முடியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து, சில வாரங்களோ மாதங்களோ எடுத்து நிறுத்துவார். மனம் நன்றாகத் தேறிய பிறகும் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். முன்பே இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு இன்னும் அதிக நாள். டி.பி. மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது என்று நாமே ஊர் ஊராகச் சொன்னோமே, அது போலத்தான் இதுவும். ஒருவேளை போட மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். ஊருக்குப் போகும்போதும், திருவிழாவுக்குப் போகும்போதும் மாத்திரை பையில் இருக்கட்டும். மருந்து தீர நாலு நாள் இருக்கும்போதே வாங்கப் போங்கள்.

தூக்க மாத்திரை வேறு, இது வேறு

இந்தக் குழப்பம் ரொம்பப் பெரிது. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் கொடுப்பவை. சாப்பிட்ட அன்றே சுகமாக இருக்கும். அதனாலேயே "நல்ல மாத்திரை" என்று பெயர் வாங்கிவிடுகின்றன. ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகி விடமுடியாமல் போகிறது. மனச்சோர்வு மருந்தில் அப்படி ஏங்கித் தேடும் அடிமைத்தனம் வருவதில்லை. அல்பிரசோலம் போன்றவற்றுக்கு 2014 மார்ச் முதல் கட்டுப்பாடு இறுகியிருக்கிறது. கடைக்காரர் சீட்டைப் பார்த்து, வாங்கியவர் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். சீட்டு இல்லாமல் தெரிந்த முகத்துக்காகக் கடையில் எடுத்துக் கொடுத்தால் அது உதவி இல்லை சகோதரிகளே. அதே போல, ஒருவருக்குக் கேட்ட மாத்திரையை "எனக்கும் உங்களை மாதிரித்தான் இருக்கு" என்று இன்னொருவர் கேட்டு வாங்கிப் போடுவதும் கூடவே கூடாது. அரிசி பருப்பு கைமாத்து வாங்கலாம், மாத்திரை கைமாத்து வேண்டாம்.

வேறு எதனோடு சேரக்கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். நம் பெண்கள் இடுப்புவலி, முழங்கால் வலி என்று வலி மாத்திரை போடாத வாரம் இல்லை. செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் போடுகிறவர்கள் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரி. டிரமடால் என்ற வலி மருந்து இவற்றோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து. காய்ச்சல், நடுக்கம், மிகுந்த வியர்வை, தசை இறுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிபென் சாப்பிடுகிறவர்களுக்கு ஃப்ளூவாக்செட்டின் பொதுவாக ஒத்துவராது, அந்த மருந்தின் பலனைக் குறைத்துவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து சூரணம் உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மது அறவே கூடாது.

அமிட்ரிப்டிலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதை மனச்சோர்வுக்கு மட்டுமல்ல, ஒற்றைத் தலைவலிக்கும் சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும் குறைந்த அளவில் எழுதுகிறார்கள். "எனக்கு மனநோய் மாத்திரை குடுத்து ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். தூக்கம் கொடுக்கும் என்பதால் இரவில் போடச் சொல்வார்கள். விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், நீங்கள் எழும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, எத்தனை மணிக்குப் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரைத் தூக்கத்தில் வரப்பில் நடப்பதும், ஷேர் ஆட்டோவில் தொங்குவதும் வேண்டாம். இன்னொன்று: இந்த மருந்து அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் பூட்டிய பெட்டியில் வையுங்கள். வீட்டில் மனம் நொந்தவர் இருந்தால் சாவி பொறுப்பானவர் கையில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். குழந்தையோ பெரியவரோ கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டது தெரிந்தால் "நல்லாத்தானே இருக்காங்க" என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அட்டையோடு 108-ல் ஏற்றுங்கள்.

கர்ப்பமானது தெரிந்ததும் பயந்து மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். அதுவும் ஆபத்துதான். நோய் திரும்பினால் தாய்க்கும் சேய்க்கும் கேடு. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், எதைத் தொடரலாம், எதை மாற்றலாம் என்று அவர் பார்ப்பார். பால் கொடுக்கும்போதும் சில மருந்துகளைத் தொடர முடியும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடாதீர்கள்.

எங்கே போவது?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் 1997-ல் திருச்சியில் தொடங்கி, 2001-ல் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் வந்தது. அந்தத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் தாலுகா அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை இலவசம். கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள நாலு காது நல்லது.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை மறக்க முடியாது. சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள், 28 உயிர்கள் போயின. சாமியையும் கும்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும்: ஒரு உறுப்பினர் இந்த மாத்திரை போடுவதாகச் சொன்னால் அது உங்களோடு இருக்கட்டும். தீர்மான நோட்டில் எழுத வேண்டாம், அடுத்த கூட்டத்தில் பேச்சாக்கவும் வேண்டாம். தவணை தள்ளிப் போட வேண்டியிருந்தால் "உடல்நலம் காரணமாக" என்று எழுதினால் போதும். தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கடன் கேட்கப் போவதாக இல்லாமல், சும்மா ஒரு காப்பி குடிக்கப் போவதாக இருக்கட்டும்.

டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் பேசலாம். இந்த எண்ணைக் குழுவின் வரவு செலவு நோட்டின் உள் அட்டையில் எல்லோரும் பார்க்கும்படி பெரிதாக எழுதி வையுங்கள்.