பழுப்புப் பவளம்தான் நல்ல பவளம்

பள்ளி விடுமுறையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து ராமேஸ்வரம் போகும் குடும்பங்கள் கோயிலோடு திரும்பிவிடுவதில்லை. பாம்பனை அடுத்த குந்துகாலில் வனத்துறைப் படகேறிக் குருசடைத் தீவுக்குப் போகிறார்கள். ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையில் கண்ணாடி பதித்த படகில் குனிந்து பவளப்பாறை தேடுகிறார்கள். மலையேறி வந்ததும் பலர் கேட்பது ஒன்றுதான்: விளம்பரத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மின்னிய பவளம் எங்கே? பார்த்ததெல்லாம் பழுப்புக் கல்தானே?

அந்தப் பழுப்பைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பவளம் என்பது பாலிப் எனும் குட்டி விலங்குகளின் கூட்டம். அதன் தசை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. பழுப்பு நிறம் அதன் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசியுடையது. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் பாசிகள்கூட இருக்கும். வெயிலில் பாசி சமைக்கும் சர்க்கரையில் 90 சதவீதம் வரை பாலிப்புக்குப் போகிறது. பாலிப் கழிக்கும் அமோனியாவும் கரியமில வாயுவும் பாசிக்கு உரம். சத்துக் குறைந்த வெப்பக் கடலில் இத்தனை பெரிய சுண்ணாம்புக் கோட்டை எழுவது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

நீலகிரிக்காரர்களுக்கு இதை எஸ்டேட் கணக்கில் சொல்லலாம். பாலிப் தோட்டத்து முதலாளி. பாசி லைன் வீட்டுத் தொழிலாளி. வீடும் உரமும் முதலாளியுடையவை, விளைச்சலில் பெரும்பங்கும் அவருக்கே. கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் கொதித்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. முதலாளி லைன் வீடுகளைக் காலி செய்துவிடுகிறார். அதன்பின் கொழுந்து பறிக்க ஆளில்லை, பங்களாவில் அடுப்பெரியாது. வெள்ளையாகத் தெரிவது தசை வழியே தெரியும் எலும்புக்கூடு. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் குடிகள் திரும்பும். தணியாவிட்டால் முதலாளி பட்டினியில் சாவார். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பவளம் பெருமளவு வெளுத்தது. கணிசமான பகுதி மீளவே இல்லை.

கிளைப் பவளத்தின் நுனி மட்டும் வெளிறியிருந்தால் அஞ்ச வேண்டாம். அது இளங்கொழுந்து, குடிகள் இன்னும் முழுதாக வந்து சேராத புது வளர்ச்சி.

விளம்பர நிறங்களை எல்லாம் நம்பிவிடக் கூடாது. இயல்பிலேயே வண்ணமுள்ள பவளங்கள் உண்டு. நீல விளக்கடித்து ஒளிரவைத்து எடுத்த படங்களும் உண்டு. மூன்றாவது வகைதான் வேதனையானது. பாசியை இழக்கும் பவளத்துக்குள் வெளிச்சம் தாறுமாறாகச் சிதறுகிறது. அதிலுள்ள நீல ஒளி தூண்டிவிட, சில பவளங்கள் வெயில் மறைப்பாக ஊதா, இளஞ்சிவப்பு நிறமிகளை அள்ளிச் சுரக்கின்றன. அந்த நிழலில் பாசி திரும்பக் குடியேற வழி பிறக்கிறது. பிரிட்டனின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2020இல் இதை விளக்கியது. நாம் அழகென்று ரசிக்கும் நிறம், சில நேரம் உயிருக்குப் போராடும் பவளத்தின் நிறம்.

வரலாறு வேண்டுவோருக்குச் சுருக்கமாக: தோடர்களையும் கோத்தர்களையும் பற்றி எழுதிய சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன்தான் அதற்கு முன்பே ராமேஸ்வரத்துக் கடலுயிர்களைப் பற்றியும் அறிக்கை எழுதினார். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடாப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. சுண்ணாம்புக்காகவும் சிமென்டுக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்ததன் விலை பெரிது: பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன.

படகில் போகிறவர்கள் கண்ணாடிக்குக் கீழே பழுப்புக் கொத்து தெரிந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொத்து முழுவதும் வெள்ளையாகவோ புதிதாகப் பளிச்சிட்டோ தெரிந்தால், எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, கரையேறியதும் வனத்துறைப் பணியாளரிடம் சொல்லுங்கள்.