வீட்டுக்கு ஒரு காப்பிப் பொறி

மாணவர்களே,

சென்ற ஆண்டு என் பேத்தி தன் முதல் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு காப்பிப் பொறியை வாங்கி, நாகர்கோவிலில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெட்டியின் மேல் ‘15 பார்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. வீட்டார் சூழ்ந்து நிற்க, வழக்கமாக வடிகட்டியில் போடும் தூளையே நிரப்பிப் பொத்தானை அழுத்தினாள். எட்டு விநாடிக்குள் குவளை நிறைந்துவிட்டது. வாயில் வைத்தால் ஒரே புளிப்பு; நீர்த்த சுவை. “பாட்டா, நான் ஏமாந்துவிட்டேன்” என்றாள். பொறியைப் பரணில் ஏற்றிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. முதல் சம்பளம் பரணேறுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. குறை பொறியிலா, நம்மிடத்திலா என்று ஆராயத் தொடங்கினேன். அப்போது கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

‘எஸ்பிரஸோ’ என்ற பெயர் நமக்குப் புதியதன்று. கல்யாண வீடுகளில் சீறிக்கொண்டு நிற்கும் பெரிய பொறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது பெரும்பாலும் பாலை ஆவியால் கொதிக்க வைத்து, உடனடிக் காப்பித்தூளைக் கலந்து தருவது. உண்மையான எஸ்பிரஸோ வேறு. நுண்ணிய தூளின் ஊடே வெந்நீரை மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி, அரை நிமிடத்துக்குள் சாற்றைப் பிழிந்தெடுப்பதே அது.

இக்கலை பிறந்த நாடு இத்தாலி. மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா 1901ஆம் ஆண்டில் ஒரு பொறிக்குக் காப்புரிமை வேண்டினார். அதில் நீரைத் தள்ளியது ஆவி. ஆவியின் அழுத்தம் சிறிது, சூடோ மிகுதி. ஆதலின் காப்பி கருகிய கசப்புடன் இருந்தது. 1948இல் அக்கில்லே காஜியா, நெம்புகோலும் வில்சுருளும் கொண்டு நீரை அழுத்தும் பொறியைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னரே காப்பியின் மேல் பொன்னிற நுரை தோன்றியது. 1961இல் ஃபேமா நிறுவனத்தின் ‘ஈ-61’ என்னும் பொறியில், கையின் வேலையை மின்சாரப் பம்பு ஏற்றுக்கொண்டது. இன்று வீட்டுக்கு வரும் அரைத்தானியங்கிப் பொறிகளும் இந்த வழியில் வந்தவையே. நீரைச் சூடாக்குவதும் அழுத்துவதும் பொறியின் வேலை. தூளை அளப்பதும், இறுக்குவதும், தொடங்குவதும், நிறுத்துவதும் நம் வேலை.

இனி அந்த ‘15 பார்’ என்னும் எண்ணுக்கு வருவோம். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். நல்ல எஸ்பிரஸோவுக்கு வேண்டியது சுமார் ஒன்பது பார். அதாவது தொண்ணூறு மீட்டர் நீர்த்தம்பம். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவர் சிலையைப்போல் இரு மடங்குக்கும் மேலான உயரம்! பெட்டியில் கண்ட பதினைந்து, பம்பு தரக்கூடிய மிகுதியான அழுத்தம். குவளைக்கு வேண்டிய அளவன்று.

இதனினும் முக்கியமான உண்மை ஒன்று உண்டு. தோட்டத்துக் குழாயில் நீர் தடையின்றி ஓடும்போது அது மெல்ல விழுகிறது. வாயை விரலால் பாதி மூடினால் சீறிப் பாய்கிறது. தடை இருந்தால்தான் அழுத்தம் பிறக்கும். காப்பிப் பொறியில் அந்த விரலாக இருப்பது தூள். வடிகட்டிக்கு அரைத்த தூள் பருமனானது. பித்தளை வடிகட்டியில் நீர் கால்மணி நேரம் மெல்ல இறங்குவதால் அதுவே போதும். பொறியிலோ அத்தூளின் இடைவெளிகளில் நீர் ஓடிவிடுகிறது. காப்பியில் முதலில் கரைவது புளிப்பு; பிறகு இனிப்பு; கடைசியில் கசப்பு. எட்டு விநாடியில் புளிப்பு மட்டும் இறங்கிற்று. பேத்தி ஏமாறவில்லை, தூள்தான் பொருந்தவில்லை.

இவ்வகைப் பொறி வாங்க எண்ணுவோர் கடையில் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, நீரைத் தள்ளுவது பம்பா, ஆவியா? விலை மலிவான சில பொறிகள் எஸ்பிரஸோ என்ற பெயரோடு ஆவியாலேயே இயங்குகின்றன. அவற்றில் மூன்று, நான்கு பாருக்கு மேல் அழுத்தம் எழாது.

இரண்டாவது, தூள் இடும் சல்லடைக் கிண்ணம் எத்தகையது? இரட்டைச் சுவர்க் கிண்ணம் ஒரே ஒரு நுண்துளையால் தானே தடையை உண்டாக்கும், கடைத்தூளுக்கும் ஈடுகொடுக்கும். ஒற்றைச் சுவர்க் கிண்ணத்தில் நுண்ணிய, புதிய தூள் வேண்டும், சுவையும் மேலானது. தொடக்கத்தில் இரண்டும் உடைய பொறியே நன்று. சிக்கரி கலவாத தூளைப் பயன்படுத்துங்கள். கையிருப்புப் பணம் முழுவதையும் பொறிக்கே செலவிடாமல், நல்ல அரைவைக் கருவிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

மூன்றாவது, வெப்பம் சீராக நிற்குமா? தூளைச் சேரும் நீர் 90 முதல் 96 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பால் காப்பி விரும்பும் நம் வீடுகளுக்கு ஆவிக்குழாயும் வேண்டும். ஒரே கொதிகலன் உள்ள பொறியில், காப்பி இறங்கியபின் ஆவிக்கு நீர் மேலும் சூடேறச் சிறிது காத்திருக்க நேரும்.

நான்காவது, மின்சாரம். எங்கள் பொறி 1350 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். ஆறு ஆம்பியருக்குச் சிறிதே குறைவு. பழைய வீட்டின் சிறிய மின்செருகியை நம்பாமல் 16 ஆம்பியர் செருகியில் இணைப்பதே பாதுகாப்பு.

ஐந்தாவது, தண்ணீர். கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களில் கொதிகலனுக்குள் சுண்ணாம்புப் படிவு கட்டும். கடினம் குறைந்த நீரை ஊற்றி, பொறியோடு வரும் குறிப்பின்படி அவ்வப்போது படிவை நீக்க வேண்டும். ரப்பர் வளையம் முதலிய உறுப்புகள் நம் ஊரிலேயே கிடைக்குமா என்பதையும் விசாரித்தறிக.

இவ்வளவும் அறிந்தபின் பேத்தியை அழைத்துக்கொண்டு காப்பித்தூள் கடைக்குப் போனேன். சிக்கரியின்றி, மிக நைசாக அரைத்து வாங்கினோம். பதினெட்டு கிராம் நிறுத்து, இறுக அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து நின்றோம். முதல் முறை இருபது விநாடியில் ஓடிற்று, மீண்டும் புளிப்பு. மறுநாள் இன்னும் நைசாக அரைத்து வந்தோம். இருபத்தெட்டு விநாடியில் முப்பத்தாறு கிராம் சாறு தேன்போல் இறங்கிற்று. பொன்னிற நுரையும் கண்டோம். ஆச்சி ஒரு வாய் பருகி, “நன்றாகத்தான் இருக்கிறது, கருப்பட்டி போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்” என்றாள். பேத்தி சிரித்த சிரிப்பில் அவள் முதல் சம்பளம் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

பித்தளை வடிகட்டியை நாங்கள் எறிந்துவிடவில்லை. மின்சாரம் இல்லாத காலையிலும் அது உதவும். நேரம் கொடுத்தால் அதுவும் நல்ல டிகாக்ஷன் தரும். அதனால் நிறைவடைவோர் பொறி வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வாங்குவோர் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பெட்டியின் மேல் பெரிய எண்ணைக் கண்டால் வியந்து நில்லாதீர்கள். அது எதை அளந்த எண், நமக்கு வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். இக்கேள்வி காப்பிக்கு மட்டுமன்று, நீங்கள் கைப்பணம் கொடுத்து வாங்கும் எப்பொருளுக்கும் பயன்படும்.