முதல் தடவை பீர் திருவிழாவா? ஒரு குவளைக்கே உஷார்!

ஜெர்மனி நாட்டின் முனிச் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 'அக்டோபர்பெஸ்ட்'தான் உலகின் மிகப்பெரிய பீர் திருவிழா. 2023-ம் ஆண்டு இங்கு சுமார் 72 லட்சம் பேர் திரண்டனர். 2024-ல் வந்தவர்கள் சுமார் 67 லட்சம் பேர். அவர்கள் காலி செய்த பீர் ஏறக்குறைய 70 லட்சம் லிட்டர்!

இந்த கூட்டத்தில் நம்மூர்க்காரர்களும் உண்டு. கார் கம்பெனி, சாப்ட்வேர் நிறுவனம், தொழில்நுட்ப பல்கலைக்கழகம் என்று வேலைக்கும் படிப்புக்கும் முனிச் போன தமிழ் இளைஞர்களை, முதல் செப்டம்பரிலேயே ஆபீஸ் நண்பர்கள் "வா, போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவார்கள்.

ஜாலியாக பொழுதை கழித்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்புபவர்கள் ஒரு ரகம். மத்தியானம் உள்ளே போய், சாயங்காலம் ஸ்ட்ரெச்சரில் வெளியே வருபவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கில்தான் இருக்கிறது. அது குவளை கணக்கு.

6 மணி நேர கணக்கு

அங்குள்ள பெரிய கூடாரங்களில் திருவிழா பீர் வருவது 'மாஸ்' எனப்படும் கனமான கண்ணாடி குவளையில். அளவு சுளையாக 1 லிட்டர். காலி குவளையே 1 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். முனிச் நகரின் 6 கம்பெனிகள் மட்டுமே இங்கு பீர் சப்ளை செய்ய முடியும். ஆகஸ்டினர், ஹாக்கர்-ஷோர், ஹோப்பிராய், லோவன்பிராய், பவுலானர், ஸ்பாட்டன் ஆகியவைதான் அவை.

திருவிழாவுக்கு என்றே தயாராகும் இந்த பீரில் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம். கசப்பு குறைவு, லேசான இனிப்பு. அதனால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இங்கேதான் புதுசாக வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1 லிட்டரில் 6 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் 60 மி.லி. எடையில் சுமார் 47 கிராம். நம்மூர் 650 மி.லி. பாட்டிலில் 5 சதவீத பீர் என்றால் சுமார் 26 கிராம். 8 சதவீத 'ஸ்ட்ராங்' பீராக இருந்தாலும் 41 கிராம்தான். அதாவது அங்கே ஒரு குவளை, இங்கே ஒரு முழு ஸ்ட்ராங் பாட்டிலை விட அதிகம்.

சராசரி மனித உடம்பு ஒரு மணி நேரத்தில் 7 முதல் 8 கிராம் ஆல்கஹாலை மட்டுமே கரைக்கும். காபி குடித்தாலும், குளித்தாலும், வாந்தி எடுத்தாலும் அந்த வேகம் கூடாது. ஆக, ஒரு குவளை முழுசாக இறங்க சுமார் 6 மணி நேரம் ஆகும். இரண்டு குவளைக்கு 12 மணி நேரம். ராத்திரி 10 மணிக்கு மூன்றாவது குவளையை முடித்தவர், மறுநாள் காலையில் "தெளிஞ்சிடுச்சு" என்று நினைத்து ஆபீசுக்கு கார் எடுத்தால், ரத்தத்தில் பீர் இன்னும் பாக்கி இருக்கும்.

பக்கத்து டேபிள் ஜெர்மன்காரர் 3 குவளை அடிக்கிறாரே என்று போட்டிக்கு இறங்கினால் அவ்வளவுதான். முதல் தடவை போகிறவருக்கு பொருத்தமான திட்டம் இதுதான்: முதலில் சாப்பாடு, அப்புறம் ஒரே ஒரு குவளை, அதை 2 மணி நேரத்துக்கு இழுப்பது. அதன்பிறகும் உட்கார வேண்டும் என்றால் தண்ணீர் சொல்லலாம். அல்லது பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா கலந்த 'ராட்லர்' கேட்கலாம். ஆல்கஹால் இல்லாத பீரும் அதே மாதிரி குவளையில் கிடைக்கும். கையில் இருப்பது என்ன என்று யாரும் எட்டிப்பார்க்கப் போவதில்லை.

எப்போது போகலாம்?

பெயரில்தான் அக்டோபர் இருக்கிறது. திருவிழா தொடங்குவது செப்டம்பரில். செப்டம்பர் 15-க்கு பிறகு வரும் சனிக்கிழமை ஆரம்பித்து, வழக்கமாக அக்டோபர் முதல் ஞாயிறு அன்று முடியும். அந்த ஞாயிறு 1 அல்லது 2-ந்தேதியில் வந்தால் 3-ந்தேதி வரை நீளும். இந்த கணக்குப்படி 2026-ல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை.

தொடக்க நாளில் பகல் 12 மணிக்கு நகர மேயர் 'ஷாட்டன்ஹாமல்' கூடாரத்தில் முதல் பீப்பாயில் மரச்சுத்தியலால் குழாயை அடித்து இறக்குவார். 12 முறை வேட்டுச்சத்தம் கேட்கும். அதன்பிறகுதான் மற்றவர்களுக்கு பீர். 1950-ல் மேயராக இருந்த தாமஸ் விம்மர் தொடங்கி வைத்த வழக்கம் இது. பார்க்க ஆசைதான். ஆனால் அன்று கூடாரத்துக்குள் இடம் பிடிக்க விடியும் முன்பே கூட்டம் அலைமோதும்.

முதல் தடவை போகிறவர்கள் சனிக்கிழமைகளை தவிர்ப்பது நல்லது. அதிலும் நடுவில் வரும் வார இறுதிக்கு 'இத்தாலிக்காரர்கள் வார இறுதி' என்றே செல்லப்பெயர் உண்டு. எல்லை தாண்டி அவ்வளவு பேர் வந்து குவிவார்கள். 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை சாயங்காலம் நெரிசல் எல்லை மீறியதால் மைதானத்தின் வாசல்களையே சிறிது நேரம் மூட வேண்டிய நிலை ஏற்பட்டது. சில நாட்களில், அக்டோபர் 1-ந்தேதி, வெடிகுண்டு மிரட்டல் காரணமாக மாலை 5.30 மணி வரை திருவிழா திறக்கப்படவில்லை. எனவே கிளம்பும் முன் அன்றைய அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

திங்கள் முதல் வியாழன் வரை, பகல் 11 மணி சுமாருக்கு போனால் நிம்மதி. நிழலாக இடம் கிடைக்கும். பாட்டும் காதைப் பிளக்காது. 2005-ம் ஆண்டு முதல் மாலை 6 மணி வரை பாரம்பரிய இசையை, அதுவும் 85 டெசிபல் அளவுக்குள்தான் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். 6 மணிக்கு மேல்தான் குத்தாட்டம்.

சீட் இல்லை என்றால் பீர் இல்லை

மைதானத்துக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. கூடாரத்துக்கும் கட்டணம் இல்லை. ஆனால் உட்கார இடம் இல்லாமல் நின்றால், கூடாரத்துக்குள் பீர் தர மாட்டார்கள். இதில் கறாராக இருப்பார்கள்.

முன்பதிவு செய்வது என்றால் தனி ஆளுக்கு ஒரு சீட் என்று கிடைக்காது. 8 அல்லது 10 பேர் டேபிளை மொத்தமாக எடுக்க வேண்டும். சாப்பாடு, பீருக்கான கூப்பன் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அதை கூடாரம் நடத்துபவரிடம் நேரடியாகத்தான் செய்ய வேண்டும். இன்டர்நெட்டில் நாலு மடங்கு விலைக்கு 'டேபிள் இருக்கு' என்று யாராவது விற்றால் உஷார். வாசலில் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டால் பணம் கோவிந்தா.

முன்பதிவு இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு பகுதி டேபிள்களை பொதுமக்களுக்கு சும்மா விட வேண்டும் என்பது நகராட்சி விதி. 2 பேர், 3 பேராக போனால் சுலபம். நீள பெஞ்சில் இடம் தெரிந்தால் "இங்க உட்காரலாமா?" என்று கேட்டு உட்கார்ந்துவிடலாம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே டேபிளில் உட்காருவதுதான் இந்த திருவிழாவின் ருசியே.

பர்சுக்கு எவ்வளவு?

2025-ல் ஒரு குவளை பீர் விலை 14.50 யூரோ முதல் 15.80 யூரோ வரை இருந்தது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் ரூ.1,450 முதல் ரூ.1,580 வரை. பீர் வந்தவுடன் காசை எண்ணி வைத்துவிட வேண்டும். பல குவளைகளை ஒரே தூக்கில் சுமந்து வரும் பணிப்பெண்களின் வருமானம் விற்பனையைப் பொறுத்தது. கூட ஒரு யூரோ, ஒன்றரை யூரோ டிப்ஸ் கொடுப்பவரை மறக்க மாட்டார்கள். அடுத்த ரவுண்டு சீக்கிரம் வரும். சில்லரை நோட்டாக வைத்திருப்பது வசதி.

வயிறு முக்கியம்

வெறும் வயிற்றில் குவளையை தொடவே கூடாது. பாதி கோழியை அப்படியே சுட்டுத்தரும் 'ஹெண்டல்'தான் இங்கு பிரபலம். குச்சியில் குத்தி சுட்ட மீன், தலையணை சைஸ் 'பிரெட்சல்' ரொட்டி ஆகியவையும் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் 'கேஸ்ஷ்பெட்சல்' என்று கேட்கலாம். பாலாடைக்கட்டி உருக்கிப் போட்ட கெட்டி நூடுல்ஸ் மாதிரி இருக்கும். வயிற்றுக்கு கனமான ஐட்டம்.

செய்யலாம், செய்யக்கூடாது

* குவளையை இடிக்கும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து 'ப்ரோஸ்ட்' சொல்ல வேண்டும். அடிப்பக்கம் தடிமனாக இருப்பதால் அங்கே இடிப்பது வழக்கம்.

* பெஞ்சு மேல் ஏறி ஆடலாம். டேபிள் மேல் ஏறினால் வெளியே அனுப்பி விடுவார்கள்.

* கூடாரத்துக்குள் புகை பிடிக்கக்கூடாது.

* குவளையை 'ஞாபகார்த்தமாக' சுருட்ட நினைத்தால் அது திருட்டு. 2019-ல் மட்டும் சுமார் 97 ஆயிரம் குவளைகளை காவலாளிகள் வாசலில் பறிமுதல் செய்தனர். ஆசை இருந்தால் கடையில் காசு கொடுத்து வாங்கலாம்.

* 3 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள பைக்கு அனுமதி இல்லை. லேப்டாப் பையோடு ஆபீசில் இருந்து நேராக போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

* பாரம்பரிய உடை கட்டாயம் இல்லை. பெண்கள் 'டிர்ன்டல்' உடை அணிந்தால் இடுப்பு முடிச்சை கவனிக்கவும். இடது பக்கம் முடிச்சு என்றால் 'தனி ஆள்', வலது பக்கம் என்றால் 'ஆள் இருக்கு' என்று அர்த்தம்!

பெண்களுக்கு தனி உதவி மையம்

நெரிசலை சாக்காக வைத்து கை வைக்கும் ஆசாமிகள் இங்கும் உண்டு. இதற்காகவே 2003-ம் ஆண்டு முதல் பெண்களுக்கான பாதுகாப்பு மையம் மைதானத்திலேயே இயங்குகிறது. தோழிகளை தொலைத்தவர்கள், செல்போன், பர்சை பறிகொடுத்தவர்கள், சீண்டலுக்கு ஆளானவர்கள் என யார் வேண்டுமானாலும் போகலாம். வீட்டுக்கு பத்திரமாக போய்ச்சேரவும் உதவுவார்கள். குவளையை டேபிளில் விட்டுவிட்டு டாய்லெட் போனால், திரும்பி வந்து அதை குடிக்காமல் இருப்பது நல்லது.

கூட்டத்தில் செல்போன் நம்பிக்கையான துணை இல்லை. சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசி வைக்க வேண்டும். மைதானத்து ஓரத்தில் நிற்கும் பிரமாண்ட 'பவேரியா' சிலையின் காலடி தோதான இடம். அந்த சிலைக்கு பக்கத்து புல்மேட்டுக்கு உள்ளூரில் 'வாந்தி மேடு' என்று பெயர். அங்கே யாராவது அசைவில்லாமல் கிடந்தால் "தூங்குறார்" என்று விட்டுப்போகக்கூடாது. ஒருக்களித்து படுக்க வைத்து, முதலுதவி மையத்தையோ 112-ஐயோ கூப்பிட வேண்டும். 2022 முதல் தலைக்காயத்தை கண்டுபிடிக்க சி.டி. ஸ்கேன் எந்திரமே மைதானத்தில் வைக்கப்பட்டது என்றால் விழுகிறவர்கள் எத்தனை பேர் என்று யூகித்துக்கொள்ளலாம்.

சாவியை வீட்டிலேயே வையுங்க

விஷயமே இனிமேல்தான். ஜெர்மனியில் காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 1,000-க்கு 0.5. சுமார் 70 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவளையை வேகமாக குடித்தாலே இந்த எல்லையை தாண்டிவிடலாம். பெண்களுக்கு இன்னும் சீக்கிரம். 0.5-ஐ தாண்டி முதல் தடவை சிக்கினால் 500 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்ட தடை. 1.1-ஐ தொட்டால் கிரிமினல் வழக்கு, லைசென்சும் பறிபோகும். தள்ளாடி ஓட்டினால் 0.3-லேயே வழக்கு பாயும். 21 வயதுக்கு உட்பட்டவர்களும், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களும் ஒரு சொட்டுகூட தொடக்கூடாது.

பலர் கோட்டை விடும் இடம் இ-ஸ்கூட்டர். "சின்ன வண்டிதானே" என்று ஏறுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அதற்கும் காருக்கு உள்ள அதே அளவுதான். வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கும் படிப்பவருக்கும் ஒரு கிரிமினல் வழக்கு என்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லவே வேண்டாம். 'தெரசியன்வீஸ' மெட்ரோ ஸ்டேஷன் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. கூட்டம் அதிகம் என்றால் மெயின் ஸ்டேஷனுக்கு 15 நிமிடத்தில் நடந்தே போய்விடலாம்.

குடிக்காதவர்களுக்கும் உண்டு

1810-ல் பவேரியா இளவரசர் லுட்விக், தெரசா திருமணத்தை கொண்டாட நடந்த குதிரை பந்தயம்தான் இந்த திருவிழாவின் ஆரம்பம். மைதானத்துக்கு மணப்பெண்ணின் பெயரையே வைத்தார்கள். பீர் கூடாரங்கள் பின்னால் வந்தவை. இன்றும் பாதி மைதானம் ராட்டினம், ரோலர் கோஸ்டர், தெள்ளுப்பூச்சி சர்க்கஸ் என்று களை கட்டும். செவ்வாய்க்கிழமை குடும்ப தினம், ராட்டினங்களில் கட்டண சலுகை உண்டு. பீருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ராத்திரி 8 மணிக்கு மேல் கூடாரத்தில் இருக்கக்கூடாது.

ராட்டினம் ஏறுவது என்றால் குவளைக்கு முன்னால் ஏறிவிடுவது நல்லது. பின்னால் ஏறினால் கீழே நிற்பவர்களுக்குத்தான் கஷ்டம்!