சினிமா விமானமும் நிஜ விமானமும்

திக்லிபூரில் அன்று விடாத மழை. ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தில் புயல் அடித்தது. மின்னல் வெட்டியது. கதாநாயகன் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டு வந்தான். மலையை உரசுவது போல வந்து இறங்கினான். நோயாளியைத் தூக்கிக்கொண்டு பறந்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஓர் அம்மா மட்டும் கை தட்டவில்லை.

"போன வாரம் என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஸ்ரீ விஜயபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னு டாக்டர் சொன்னார். மழைன்னு சொல்லி ஹெலிகாப்டர் வரலை. மறுநாள் காலையிலேதான் வந்தது. ராத்திரி முழுக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இந்தப் படத்திலே பாரு, புயல்லேயே வர்றான். நம்ம ஊருக்கு வர்றவங்களுக்குத் தைரியம் இல்லையா?" என்று கேட்டார்.

அவருடைய அண்ணன் மகனும் அங்கே இருந்தான். ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தில் மூட்டைகளை எடை போடுவது அவன் வேலை.

"அத்தை, படத்திலே பறக்கறது வேற. நிஜத்திலே பறக்கறது வேற" என்றான் அவன்.

எது வேறு? எப்படி வேறு? பார்ப்போம்.

படத்தில் எப்படிப் பறக்கிறார்கள்?

விமானம் ஓட்டுபவரை விமானி என்கிறோம். பைலட் என்றும் சொல்கிறோம். படத்தில் பைலட்டாக வருபவர் நடிகர். அவர் உட்கார்ந்திருக்கும் இடம் பெரும்பாலும் வானத்தில் இல்லை. அது ஸ்டூடியோவில் இருக்கிறது.

விமானத்தின் முன்பகுதியைப் போல ஓர் அறை செய்கிறார்கள். அதை ஒரு மேடை மேல் வைக்கிறார்கள். மேடையை ஆட்டினால் அறை ஆடும். கண்ணாடிக்கு வெளியே பச்சைத் துணி தொங்கும். பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் துணி இருக்கும் இடத்தில் வானத்தையும் மேகத்தையும் சேர்க்கிறார்கள். இடியும் மின்னலும் அப்படியே சேர்கின்றன.

ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் இயக்குநர் "கட்" என்பார். மறுபடி எடுப்பார்கள். வானத்தில் "கட்" சொல்ல ஆள் இல்லை. ஒரு தடவைதான்.

இயந்திரம் நின்றால் விமானம் விழுமா?

படத்தில் இயந்திரம் நின்றதும் விமானம் கல்லைப் போல விழும். நிஜத்தில் அப்படி இல்லை.

பருந்தைப் பார்த்திருப்பீர்கள். அது எப்போதும் சிறகடிப்பதில்லை. சிறகை விரித்தபடி மிதந்து வரும். விமானமும் அப்படித்தான். இறக்கையின் மேல் காற்று ஓடும்வரை விமானம் மிதக்கும். உயரம் மெல்ல மெல்லக் குறையும். 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பெரிய விமானம், இயந்திரம் இல்லாமலே சுமார் 150 கிலோமீட்டர் தூரம் போக முடியும்.

இது நடந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 24. கனடா நாட்டிலிருந்து போர்ச்சுகல் நாட்டுக்கு ஒரு விமானம் போனது. அதில் 306 பேர் இருந்தார்கள். கீழே அட்லாண்டிக் பெருங்கடல். வழியில் எரிபொருள் ஒழுகித் தீர்ந்துவிட்டது. இரண்டு இயந்திரங்களும் நின்றன. சுமார் 19 நிமிடம் விமானம் மிதந்தே வந்தது. கடல் நடுவே அசோர்ஸ் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே ஒரு தீவில் இறங்கியது. ஒருவர்கூடச் சாகவில்லை. 306 பேருக்கு உயிர் கொடுத்தது நம் தீவைப் போன்ற ஒரு தீவு.

ஹெலிகாப்டருக்கு இறக்கை இல்லையே? அதற்கு மேலே சுற்றும் விசிறி இருக்கிறது. இயந்திரம் நின்றாலும், கீழே இறங்கும்போது வரும் காற்று விசிறியைச் சுற்ற வைக்கும். அந்தச் சுழற்சியைப் பயன்படுத்திப் பைலட் தரையில் இறக்கலாம். இதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. ஆனால் இறங்க நல்ல இடம் வேண்டும். இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

விமானம் ஆடினால் உடைந்துவிடுமா?

படத்தில் விமானம் ஆடினால் உடனே ஆபத்து வரும். நிஜத்தில் ஆட்டம் சாதாரணம். சாலையில் மேடு பள்ளம் இருப்பது போல, வானத்தில் காற்று ஏறி இறங்குகிறது. அதனால் விமானம் குலுங்குகிறது. இறக்கை மூங்கிலைப் போல வளைந்து கொடுக்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் பெல்ட் போடாதவருக்குக் குலுக்கலில் அடிபடும். தலை கூரையில் மோதும். அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது பெல்ட் போடச் சொல்கிறார்கள்.

நடுவானில் கதவு திறக்குமா?

சண்டைப் படங்களில் வில்லன் நடுவானில் கதவைத் திறப்பான். பெரிய பயணிகள் விமானத்தில் அவ்வளவு உயரத்தில் அது முடியாது. மேலே காற்று மெலிந்திருக்கும். அதனால் மூச்சு விடுவதற்காக விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். அந்தக் காற்று கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் பல ஆயிரம் கிலோ எடைக்குச் சமம். எந்த மனிதக் கையும் அதைத் திறக்காது.

தரைக்குப் பக்கத்தில் வரும்போது இந்த அழுத்தம் குறைந்துவிடும். 2023 மே மாதம் தென்கொரியாவில், இறங்கப்போகும் நேரத்தில் ஒரு பயணி கதவைத் திறந்துவிட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. சிலருக்கு மூச்சுத் திணறல் வந்தது. எனவே கதவின் கைப்பிடியை எப்போதும் தொடக் கூடாது.

ஒரே ஒரு வீரனா?

படத்துக்கு ஒரு கதாநாயகன் வேண்டும். அவன் ஒருவனே எல்லோரையும் காப்பாற்றுவான். நிஜத்தில் ஒரு விமானத்தைப் பலர் சேர்ந்து பறக்க வைக்கிறார்கள்.

பெரிய பயணிகள் விமானத்தில் இரண்டு பைலட்டுகள் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் கவனிப்பார், ரேடியோவில் பேசுவார். செய்ய வேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. இருபது வருடம் ஓட்டியவரும் அந்தப் பட்டியலை வாசித்துத்தான் செய்வார். மறதி எல்லோருக்கும் வரும். எழுத்துக்கு மறதி இல்லை.

கீழே பொறியாளர்கள் இயந்திரத்தைச் சோதிக்கிறார்கள். வானிலை பார்ப்பவர்கள் செய்தி தருகிறார்கள். கோபுரத்தில் இருப்பவர் வழி சொல்கிறார்.

2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு சிறிய விமானம் பறந்தது. பைலட் மயங்கிவிட்டார். விமானம் ஓட்டத் தெரியாத ஒரு பயணி அதை இறக்கினார். சினிமா போலவே இருக்கிறது அல்லவா? ஆனால் அவரும் தனியாக இறக்கவில்லை. கீழே இருந்த அதிகாரி ரேடியோவில் ஒவ்வொன்றாகச் சொன்னார். இவர் அதைக் கேட்டுச் செய்தார்.

உண்மைக் கதையிலிருந்து வந்த படங்கள்

சில படங்கள் நடந்த கதையிலிருந்து வந்தவை. அவற்றிலும் எல்லாம் உண்மை அல்ல.

2020-இல் வந்த "சூரரைப் போற்று" படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். சுதா கொங்கரா இயக்கினார். சூர்யா நடித்தார். சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்கக் கதாநாயகன் துடிப்பான். டிக்கெட்டுக்குப் பணம் போதாது. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கை ஏந்துவான். தீவில் வாழும் நமக்கு அந்த வலி புரியும்.

இந்தப் படம் கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. அவர் கர்நாடகத்துக்காரர். 2003-இல் "ஏர் டெக்கான்" விமான கம்பெனியைத் தொடங்கினார். ஒரு ரூபாய்க்கும் சில டிக்கெட்டுகள் விற்றார். இவை உண்மை. படத்தில் வருபவர் மதுரைப் பக்கத்துக்காரர், விமானப்படையில் இருந்தவர். நிஜத்தில் கோபிநாத் தரைப்படையில் இருந்தவர். படத்தின் வில்லன் கற்பனை.

"சல்லி" என்பது 2016-இல் வந்த அமெரிக்கப் படம். 2009 ஜனவரி 15-இல் நியூயார்க்கில் ஒரு விமானம் மேலே ஏறியது. பறவைக் கூட்டம் மோதியது. இரண்டு இயந்திரங்களும் சக்தி இழந்தன. மூன்றரை நிமிடத்துக்குள் பைலட் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். இறக்கிய காட்சி உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் விசாரணை செய்தவர்களைப் படம் வில்லன்கள் போலக் காட்டியது. அது சரியல்ல. பைலட்டைத் தண்டிப்பதற்காக அவர்கள் விசாரிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி நடக்கக் கூடாது என்றே விசாரித்தார்கள்.

2022-இல் "ரன்வே 34" என்ற இந்திப் படம் வந்தது. 2015-இல் கேரளத்தில் நடந்த ஒரு சம்பவம் அதற்குத் தூண்டுதல். மோசமான வானிலை. கொச்சியில் இறங்க முடியவில்லை. திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். பலமுறை முயன்றுதான் இறங்க முடிந்தது. அதற்குள் எரிபொருள் தீரும் நிலை வந்துவிட்டது. எல்லோரும் பிழைத்தார்கள். படம் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஆனால் நிஜத்தில் யாரும் கை தட்டவில்லை. "எரிபொருள் இவ்வளவு குறையும்வரை ஏன் போனது?" என்று விசாரணைதான் நடந்தது.

ஹெலிகாப்டர் ஏன் வரவில்லை?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

திக்லிபூர் பக்கத்தில் சேடில் பீக் மலை இருக்கிறது. உயரம் 732 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இதுவே மிக உயர்ந்த மலை. மழைக்காலத்தில் மேகம் மலையை மூடிவிடும். கீழே காடு. சுற்றிலும் கடல்.

ஹெலிகாப்டர் பைலட் பல நேரம் மலையையும் தரையையும் கண்ணால் பார்த்தே ஓட்ட வேண்டும். மேகத்துக்குள் போனால் எது மேல், எது கீழ் என்று உடம்புக்குத் தெரியாது. ஹெலிகாப்டர் சாய்ந்திருந்தாலும் நேராக இருப்பது போலத் தோன்றும். நன்றாகப் பழகியவருக்கும் இப்படி வரும். உலகில் பல விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன.

அன்று ஹெலிகாப்டர் வந்து மலையில் மோதியிருந்தால்? நோயாளி, கூடப் போனவர், பைலட்டுகள் எல்லோரும் போயிருப்பார்கள். அடுத்த நோயாளிக்கு அந்த ஹெலிகாப்டரும் இருக்காது.

படத்தில் "போகிறேன்" என்று சொல்வது வீரம். நிஜத்தில் "இப்போது வேண்டாம்" என்று சொல்லவும் தைரியம் வேண்டும். கீழே ஒரு குடும்பம் அழுதுகொண்டு காத்திருக்கும்போது அதைச் சொல்வது எளிதல்ல.

அதற்காகக் காத்திருப்பவர் பயம் பொய்யாகிவிடாது. எவ்வளவு நேரம் ஆகும், வேறு வழி என்ன என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. சாலை வழியாகப் போகலாமா, கப்பல் உண்டா, அதுவரை என்ன மருந்து என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். நெஞ்சுவலி வந்தால் வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரத்தோடு போனால், வானம் தெளிவாக இருக்கும்போதே அனுப்ப வாய்ப்பு உண்டு.

ஹெலிகாப்டரில் போகும்போது

* படத்தில் ஓடிப் போய் ஏறுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். ஊழியர் கை காட்டிய பிறகே போங்கள்.
* பைலட் பார்க்கும்படி முன்பக்கமாகப் போங்கள். குனிந்து நடங்கள்.
* வால் பக்கம் போகவே கூடாது. அங்கே சிறிய விசிறி சுற்றும். வேகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பட்டால் உயிர் போகும்.
* துண்டு, தொப்பி, துப்பட்டா காற்றில் பறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.
* உங்கள் எடையையும் மூட்டையின் எடையையும் சரியாகச் சொல்லுங்கள். எடை கூடினால் ஆபத்து.

மருமகன் சொன்னதை அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ராத்திரி இதை யாராவது வந்து சொல்லியிருந்தா, இவ்வளவு கோபம் வந்திருக்காது தம்பி" என்றார்.

"சரிதான் அத்தை. சொல்லியிருக்கணும்" என்றான் அவன்.

அப்போது போன் அடித்தது. தங்கச்சி பேசினார். வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். கஞ்சி குடித்தாராம்.

வெளியே மழை இன்னும் விடவில்லை. டி.வி.யில் கதாநாயகன் மறுபடியும் பறந்தான். இந்த முறை அந்த அம்மாவும் பார்த்துச் சிரித்தார். படம் படம்தானே!

பேசிப் பாருங்கள்

1. நீங்கள் பார்த்த படத்தில் விமானம் வந்ததா? அதில் எது நடக்கக் கூடியது? எது நடக்க முடியாதது?
2. "இப்போது வேண்டாம்" என்று சொல்வது எப்போது தைரியம் ஆகும்? உங்கள் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்.
3. உங்கள் ஊரில் அவசர நோயாளியை அனுப்ப என்னென்ன வழிகள் உண்டு? எழுதி வையுங்கள்.