ஒரு பிள்ளை நீந்தப் பழக என்ன செலவாகும்?

2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்த செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். பாலத்தின் வேலை முடியாதிருந்ததால் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் தொழிலுக்குப் போகும் பெரியவர்களும் அதையே நம்பியிருந்தனர். அன்றே ஆறு பேர் வபாத்தானார்கள். அவர்களுள் பாடசாலைச் சிறார்களும் இருந்தனர். மூன்று வருடங்கள் கழித்து, 2024 நவம்பர் 26 ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரமொன்றை வெள்ளம் அடித்துச் சென்றது. அதில் இருந்தவர்கள் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள்.

இப்படியொரு செய்தி வந்தால் எமது வர்த்தகர்கள் கைகட்டி நிற்பதில்லை. படகுக்கு எரிபொருள், தேடுவோருக்குச் சாப்பாடு, குடும்பத்துக்கு உதவி என்று கடைத்தெருவே திரண்டுவிடும். ஆனால் இந்தப் பணமெல்லாம் ஜனாஸாவுக்குப் பின்னர் செலவாகும் பணம். அதில் ஒரு பங்கை முன்கூட்டியே செலவிட்டால் என்ன என்பதே இவ்வாரம் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

எம்மில் வசதியுள்ளவர்கள் தமது பிள்ளைகளை மாதக் கட்டணம் செலுத்தி நீச்சல் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நல்ல விடயம். ஆனால் ஆற்றோரத்திலும் களப்புக் கரையிலும் வெள்ளம் ஏறும் பள்ளத்திலும் குடியிருப்பது யார்? எமது கடையில் மூட்டை தூக்குபவரின் பிள்ளைகள்தான். தண்ணீருக்கு மிக அருகில் வாழும் பிள்ளைக்கே நீந்தத் தெரியாத நிலை உள்ளது. 2021 இல் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

பங்களாதேஷ் கண்ட வழி

நீச்சல் என்றதும் நீச்சல் தடாகம் கட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் பலருக்கு வருகிறது. மதிப்பீட்டைக் கேட்டதும் கூட்டம் கலைந்துவிடுகிறது.

பங்களாதேஷில் தடாகம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 2006 இல் அங்கு ஆரம்பமான ‘ஸ்விம்சேஃப்’ திட்டத்தில் ஊர்க் குளத்தினுள்ளேயே மூங்கிலால் மேடை அமைத்தார்கள். அதன் தட்டு பிள்ளை நிற்கக்கூடிய ஆழத்தில் இருக்கும். சுற்றிவர மூங்கில் வேலி. அதே கிராமத்து இளைஞர், யுவதிகளுக்குப் பயிற்சியளித்து அவர்களையே பயிற்றுவிப்பாளர்களாக்கினார்கள். நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள் 21 படிகளில் நீச்சல் பழகினார்கள். முடிவில் மூன்று விடயங்களைச் செய்துகாட்ட வேண்டும்: 25 மீற்றர் நீந்துவது, 30 விநாடிகள் மிதந்து நிற்பது, தண்ணீரில் தத்தளிக்கும் ஒருவரைத் தான் குதிக்காமல் கரையிலிருந்து தடி, கயிறு நீட்டிக் காப்பாற்றுவது.

பயிற்சி பெற்ற பிள்ளைகள் மத்தியில் நீரில் மூழ்கி இறப்பது, பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிடும்போது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்ததை 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. இலாபநட்டம் பார்த்துப் பழகிய எமக்கு இதைவிடச் சிறந்த ஐந்தொகை வேண்டுமா?

கணக்குப் போடுவோம்

ஓர் ஊரில் 20 பிள்ளைகளுக்கு, வாரத்துக்கு இரண்டு வகுப்புகள் வீதம் பத்து வாரங்கள் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். கொப்பியில் எழுத வேண்டியவை இவைதான்: பயிற்றுவிப்பாளர்களின் கொடுப்பனவு, கரையில் நிற்கும் உயிர்காப்பாளரின் கொடுப்பனவு, இடத்துக்கான வாடகை, வாகனம், சிற்றுண்டி, உடையும் துவாயும்.

கடைசி மூன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘இலவச வகுப்பு’ என்று அறிவித்தாலும் ஓட்டோக் காசு இல்லாத உம்மா மூன்றாவது வாரம் பிள்ளையை அனுப்பமாட்டார். அவர் மீது குற்றமில்லை. குற்றம் எமது கணக்கில்.

ஆரம்ப வைபவத்துக்கு 20 பிள்ளைகள் வந்து, இறுதிப் பரீட்சையில் 8 பேர் மட்டும் சித்தியடைந்தால் மொத்தச் செலவை 8 ஆல்தான் வகுக்க வேண்டும். முட்டை வியாபாரிக்கு இது புரியும். உடைந்த முட்டையின் விலையும் விற்ற முட்டையின் மீதுதான் ஏறுகிறது. எனவே அனுசரணை கேட்டு வருபவரிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் மூன்று தவணைகளாகக் கொடுங்கள். கடைசித் தவணை பரீட்சைக்குப் பின்னர். பதாகைக்கும் பிரதம அதிதியின் மாலைக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

இடத்துக்கு என்ன செய்வது? சில பாடசாலைகளிலும் ஹோட்டல்களிலும் தடாகங்கள் உள்ளன. அவை நாள் முழுவதும் நிரம்பி வழிவதில்லை. சும்மா கிடக்கும் நேரத்துக்கு வாடகை பேசுவது எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம்

2004 சுனாமியில் எமது கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களும் சிறுவர்களுமே அதிகமாக உயிரிழந்தனர். நீந்தத் தெரியாமை அதற்கான காரணங்களில் ஒன்று. அதன் பின்னர் வெலிகமையில் பெண்களே பெண்களுக்கு இலவசமாக நீச்சல் பழக்கும் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. தனியான நேரம், மறைவான இடம், பெண் பயிற்றுவிப்பாளர், உடலை மறைக்கும் உடை ஆகிய நான்கும் இருந்தால் எமது பெற்றோரும் மறுக்கமாட்டார்கள். ஆகவே முதல் வருடப் பணத்தில் ஒரு பகுதியை ஊரிலுள்ள இரண்டு மூன்று யுவதிகளைப் பயிற்றுவிப்பாளர்களாக்கச் செலவிடுவது புத்திசாலித்தனம். பின்னர் வெளியூரிலிருந்து ஆள் எடுக்கும் செலவு மிஞ்சும். அந்த யுவதிகளுக்கும் ஒரு வருமானம்.

சிக்கனம் கூடாத இடம்

பாதுகாப்பில் மட்டும் கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒரு பயிற்றுவிப்பாளரிடம் ஒரு நேரத்தில் ஒரு சில பிள்ளைகளே இருக்க வேண்டும். உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒருவர், பழக்கும் வேலையில் ஈடுபடாமல், கரையில் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். மின்னல் நாளில் வகுப்பு வேண்டாம். ஓடும் ஆற்றிலும் அலையடிக்கும் கடலிலும் பழக்கவே வேண்டாம்.

நீச்சல் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மாவடிப்பள்ளியில் ஓடிய வெள்ளத்தில் கைதேர்ந்த நீச்சல்காரரும் திணறியிருப்பார். பாதையை மறைத்து ஓடும் வெள்ளத்தில் இறங்கக் கூடாது என்பதை பிள்ளைகளும் வாகனம் ஓட்டும் பெரியவர்களும் படிக்க வேண்டும். வகுப்பில் ஒரு நாளை அதற்கே ஒதுக்கிப் பெற்றோரையும் அழைக்கலாம். அதுபோல் நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் காப்பது நீச்சல் அல்ல. கட்டில்லாத கிணற்றுக்குக் கட்டும் மூடியும், ஒரு பெரியவரின் கண்ணும்தான்.

பணமாகத்தான் கொடுக்க வேண்டுமா?

இல்லை. வேன் வைத்திருப்பவர் பயணத்தைப் பொறுப்பேற்கலாம். பேக்கரிக்காரர் பணிஸ் கொடுக்கலாம். புடவைக் கடைக்காரர் உடையும் துவாயும் கொடுக்கலாம். ஹார்ட்வெயார்காரர் சீமெந்தும் கல்லும் கொடுத்தால் நாலு கிணறுகளுக்குக் கட்டு எழும்பும். பலசரக்குக் கடையில் மிஞ்சும் வெற்று எண்ணெய்க் கலனை நன்றாக மூடி, கயிறு கட்டித் துறைமுகப்பில் தொங்கவிட்டாலே தத்தளிப்பவருக்கு வீச ஒரு மிதவை கிடைத்துவிடும்.

பணம் கொடுப்பவர்கள் ஸகாத் நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதகாவுக்கு அந்தக் கேள்வி எழாது. ஒரு தெருவில் பத்துக் கடைகள் சேர்ந்து, ஒரு பொறுப்பாளர், ஒரு கணக்குக் கொப்பி, மாதம் ஒரு தடவை பள்ளிவாசல் பலகையில் வரவுசெலவு என்று தொடங்கினால் போதும். பெரிய அமைப்புத் தேவையில்லை.

வடகீழ் பருவமழை ஒவ்வொரு வருட இறுதியிலும் வரத்தான் செய்யும். அதற்கு முன் உங்கள் ஊரில் 20 பிள்ளைகளாவது 25 மீற்றர் நீந்தப் பழகியிருப்பார்களா? இன்றிரவு கடையை மூடுமுன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.